அனிமேஷன் படத்தின் அடுத்த பாகம் எவ்வளவு வசூலிக்கும்? கணிக்கப் பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2022 ஜூனில் நண்பர்களுக்குள் ஒரு பந்தயம் வைத்திருந்தோம். வரப்போகும் படத்தின் முதல் மூன்று நாள் வசூலை யார் நெருக்கமாகச் சொல்கிறாரோ, அவருக்கு மற்றவர்கள் டிக்கெட் எடுத்துத் தர வேண்டும். ‘டாய் ஸ்டோரி’ படங்களில் வரும் பஸ் என்ற விண்வெளி வீரர் பொம்மையை வைத்து எடுத்த கிளைக்கதைப் படமான ‘லைட்இயர்’ அமெரிக்கா, கனடாவில் 10 கோடி டாலர் எடுக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். ‘டாய் ஸ்டோரி 4’ 12 கோடி எடுத்திருந்ததே, அதில் கொஞ்சம் கழித்துக்கொண்டால் போதும் என்பது என் கணக்கு. படம் எடுத்தது 5.06 கோடி. அந்தச் சூடு ஆறாமல் 2024 ஜூனில் ‘இன்சைட் அவுட் 2’க்கு 8.5 கோடி என்று பம்மினேன். அது 15.42 கோடி எடுத்தது. பந்தயத்தில் இரண்டு முறையும் கடைசி இடம்.

இரண்டு தவறும் ஒரே இடத்தில் பிறந்தவை என்பது பிறகுதான் உறைத்தது. முந்தைய படத்தின் வசூலை எடுத்துக் கூட்டியோ கழித்தோ எழுதுவதுதான் கணிப்பு என்று இருந்துவிட்டேன். முந்தைய படம் தியேட்டரை விட்டுப் போன பிறகு அதற்கு என்ன ஆயிற்று என்று ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கீழே உள்ளது நான் இப்போது பின்பற்றும் வரிசை. இதை வைத்து நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள் என்று சொல்லமாட்டேன். பாதிக்குப் பாதி தப்புவது நின்றுவிடும், அவ்வளவுதான்.

1. எந்த எண்ணைக் கணிக்கிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

‘படம் எவ்வளவு எடுக்கும்’ என்ற கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அமெரிக்கா, கனடாவில் வெள்ளி முதல் ஞாயிறு வரை எவ்வளவு என்பது ஒன்று. அதே பகுதியில் ஓடி முடிக்கும்போது எவ்வளவு என்பது இரண்டாவது. உலகம் முழுக்க மொத்தம் எவ்வளவு என்பது மூன்றாவது. மூன்றையும் தனித்தனியாகக் கணிக்க வேண்டும். ஒன்றைப் பெருக்கி மற்றொன்றை எடுத்துவிட முடியாது.

இங்கே புதியவர்கள் விழும் குழி, புதன்கிழமை வெளியாகும் படங்கள். ‘மோவானா 2’ 2024 நவம்பரில் நன்றி தெரிவிப்பு நாளுக்கு முந்தைய புதன் அன்று வந்தது. ஐந்து நாள் வசூல் 22.5 கோடி டாலர், அதில் வெள்ளி முதல் ஞாயிறு வரை 13.98 கோடி. செய்தித் தலைப்புகளில் பெரிய எண்தான் வரும். நீங்கள் 14 கோடி என்று சரியாகச் சொல்லியிருந்தாலும் தலைப்பைப் பார்த்துத் தோற்றுவிட்டதாக நினைப்பீர்கள். அதே ஆண்டு ஜூலையில் வந்த ‘டெஸ்பிகபிள் மீ 4’லும் இதே கதை: மூன்று நாளுக்கு 7.5 கோடி, ஐந்து நாளுக்கு 12 கோடிக்கு மேல்.

இன்னொரு குழி நம்மவர்களுக்கே உரியது. செய்திகளெல்லாம் மில்லியனில் வரும், நம் மனம் கோடியில் ஓடும். 10 மில்லியன் என்றால் 1 கோடி, 1 பில்லியன் என்றால் 100 கோடி. அவசரத்தில் ஒரு சுழியம் நழுவி, ஒருமுறை 6 கோடி என்று எழுத வேண்டியதை 60 கோடி என்று அனுப்பிவிட்டேன். அந்தத் திரைப்பிடிப்பை நண்பர் ஒருவர் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

2. தாள், தரவு, செலவு

ஒரு கணக்குத் தாள் போதும். அதில் குறைந்தது 20 அனிமேஷன் தொடர்ச்சிப் படங்களை நிரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் இவை வேண்டும்: வெளியான தேதி, முந்தைய பாகத்துக்கும் இதற்குமான ஆண்டு இடைவெளி, வியாழன் இரவுக் காட்சி (வெள்ளி வெளியீட்டுக்கு முந்தைய இரவே போடும் காட்சி) வசூல், மூன்று நாள் வசூல், இரண்டாம் வார இறுதியில் சரிந்த சதவீதம், உள்நாட்டு (அதாவது அமெரிக்கா, கனடா) மொத்தம், வெளிநாட்டு மொத்தம், பட்ஜெட், சினிமாஸ்கோர் என்ற பார்வையாளர் மதிப்பெண். பாக்ஸ் ஆபீஸ் மோஜோ, தி நம்பர்ஸ் இரண்டு தளங்களிலுமே இவற்றில் பெரும்பகுதி இலவசமாகக் கிடைக்கும். வியாழன் வசூலை மட்டும் பழைய செய்திகளில் தேடி எடுக்க வேண்டியிருக்கும். எனக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின.

பணம் கொடுத்து எதையும் வாங்காதீர்கள். ஸ்டுடியோக்கள் வாங்கும் டிராக்கிங் அறிக்கைகள் (வெளியீட்டுக்கு முன் எடுக்கும் கருத்துக்கணிப்புகள்) தனி மனிதருக்குக் கட்டுப்படியாகாது. அவற்றின் சாரம் எப்படியும் சினிமா வணிகச் செய்திகளில் கசிந்துவிடும். நான் ஒரு மாதச் சந்தா கட்டி ஒரு கணிப்புச் செயலியை வாங்கிப் பார்த்தேன். டிரெய்லரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை ஏதோ ஒன்றால் பெருக்கித் தருவதைத் தவிர அது வேறெதுவும் செய்யவில்லை. அந்தப் பணத்துக்கு இரண்டு படம் பார்த்திருக்கலாம்.

3. பழைய வசூலை டிக்கெட்டாக மாற்றுங்கள்

இது ஐந்து நிமிட வேலை, ஆனாலும் தவிர்க்கக் கூடாது. ‘இன்க்ரெடிபிள்ஸ்’ 2004இல் உள்நாட்டில் 26.1 கோடி டாலர் எடுத்தது. அப்போது அமெரிக்காவில் சராசரி டிக்கெட் விலை 6.21 டாலர். வகுத்தால் ஏறக்குறைய 4.2 கோடி டிக்கெட். 2018இல் வந்த இரண்டாம் பாகம் 60.8 கோடி டாலர் எடுத்தது, அந்த ஆண்டின் சராசரி விலை 9.11 டாலர். சுமார் 6.7 கோடி டிக்கெட். பணத்தில் பார்த்தால் இரண்டேகால் மடங்குக்கு மேல். ஆட்களில் பார்த்தால் ஒன்றரை மடங்குதான். நீங்கள் கணிக்க வேண்டியது ஆட்களை. விலையைக் கடைசியில் பெருக்கிக்கொள்ளலாம்.

4. முந்தைய பாகம் வீட்டில் எத்தனை முறை ஓடியது?

மற்ற எல்லாப் படிகளையும் வேகமாகக் கடந்தாலும் இதில் மட்டும் நின்று நிதானமாக வேலை பாருங்கள்.

‘மோவானா’ 2016இல் மூன்று நாளில் 5.66 கோடி டாலர்தான் எடுத்தது. நல்ல வசூல், பிரம்மாண்டம் இல்லை. ஆனால் ஏழு ஆண்டு கழித்து, 2023இல், அமெரிக்க ஓடிடிகளில் மக்கள் அதிக நேரம் பார்த்த படம் எது என்று நீல்சன் நிறுவனம் கணக்கெடுத்தபோது முதலிடத்தில் இருந்தது அதே ‘மோவானா’. ஓர் ஆண்டில் 1,160 கோடி நிமிடங்கள். அது புதுப் படம்கூட இல்லை. இந்த எண்ணை வைத்துக்கொண்டு இரண்டாம் பாகத்தைப் பார்த்தவர்களுக்கு 13.98 கோடி அதிர்ச்சியாக இருந்திருக்காது. ‘ஸ்பைடர்வெர்ஸ்’ வரிசையும் அப்படித்தான். 2018இல் முதல் பாகத்தின் ஓப்பனிங், அதாவது முதல் மூன்று நாள் வசூல், 3.54 கோடி. ஆஸ்கர் வாங்கியது, வீடுகளுக்குள் போனது, வாய்வழியாகப் பரவியது. 2023இல் அடுத்த பாகத்தின் ஓப்பனிங் 12.07 கோடி.

இனி எதிர்ப்பக்கம். ‘தி சீக்ரெட் லைஃப் ஆஃப் பெட்ஸ்’ 2016இல் 10.44 கோடி டாலரோடு தொடங்கியது. மூன்றே ஆண்டில் வந்த இரண்டாம் பாகத்துக்கு 4.67 கோடி. வீட்டில் ஆள் இல்லாதபோது நாயும் பூனையும் என்ன செய்யும் என்ற ஆர்வம்தான் முதல் படத்துக்குக் கூட்டத்தைக் கூட்டிவந்தது என்று நினைக்கிறேன். அந்தக் கேள்விக்கு ஒரு தடவை விடை கிடைத்துவிட்டது. ‘லெகோ மூவி’யும் அதே பாதை: 2014இல் 6.9 கோடி, 2019இல் 3.41 கோடி. நடுவில் 2017இல் மட்டும் இரண்டு லெகோ படங்களை இறக்கிவிட்டார்கள்.

ஆக, கேட்க வேண்டியது இதுதான்: மக்களை இழுத்தது கருவா, கதாபாத்திரமா? கரு ஒரு டிக்கெட்டுக்கு உதவும். கதாபாத்திரம் திரும்பத் திரும்ப அழைக்கும்.

இதற்கு என்னிடம் ஒரு மலிவான சோதனை இருக்கிறது. ஐந்து முதல் பத்து வயதுக்குள் உள்ள ஒரு குழந்தையிடம் முதல் பாகத்தில் யார் யார் வருவார்கள் என்று கேளுங்கள். மூன்று பெயர் தடுமாறாமல் வந்தால் நல்ல அறிகுறி. ‘லைட்இயர்’ வருவதற்கு முன் இதைச் செய்திருந்தால் பிழைத்திருப்பேன். பந்தயமெல்லாம் முடிந்த பிறகுதான் அக்கா மகளிடம் அந்த டிரெய்லரைப் போட்டுக் காட்டினேன். பஸ் பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்குகிற பிள்ளை அவள். முப்பது விநாடி பார்த்தாள். என் கையிலிருந்த போனைத் தானே வாங்கி, நிறுத்தி, பெரிதாக்கி, முகத்தைப் பார்த்தாள். பிறகு, “மாமா, இது நம்ம பஸ் இல்ல. வேற அங்கிள்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பொம்மையும் இல்லை, அதன் கூட்டாளி உட்டியும் இல்லை. அவளைப் பொறுத்தவரை அது தொடர்ச்சியே இல்லை. கிளைக்கதைப் படங்கள் எல்லாமே தோற்கும் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். 2015இல் ‘டெஸ்பிகபிள் மீ’யின் கிளைக்கதையான ‘மினியன்ஸ்’ ஓப்பனிங்கில் 11.57 கோடி எடுத்தது. அங்கே குழந்தைகள் விரும்பிய அதே மஞ்சள் உருவங்களைத்தான் நடுவில் நிறுத்தியிருந்தார்கள்.

ஓடிடி எண்களைத் தேடும்போது ஓர் எச்சரிக்கை. ஓடிடி நிறுவனமே வெளியிடும் ‘இத்தனை கோடிப் பார்வைகள்’ அறிவிப்புகளையும் நீல்சனின் வாரப் பட்டியலையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். ஒன்று உலகக் கணக்கு, மற்றது அமெரிக்காவுக்கு மட்டும். படம் புதிதாக ஓடிடிக்கு வந்த வாரத்தில் எது வேண்டுமானாலும் முதலிடம் பிடிக்கும். வந்து இரண்டு மூன்று ஆண்டு கழிந்தும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. இடைவெளியைக் கண்டு பயப்படாதீர்கள்

‘இத்தனை வருஷம் கழிச்சு யாரு பாப்பாங்க’ என்பது நான் அடிக்கடி கேட்கும் வாதம். ‘ஃபைண்டிங் டோரி’ 13 ஆண்டு கழித்து வந்தது, ஓப்பனிங் 13.5 கோடி. ‘இன்க்ரெடிபிள்ஸ் 2’ 14 ஆண்டு, 18.27 கோடி. ‘இன்சைட் அவுட் 2’ 9 ஆண்டு. முதல் பாகத்தைச் சிறுவயதில் பார்த்தவர்கள் இப்போது சொந்தக் காசில் டிக்கெட் எடுக்கிறார்கள். புதுக் குழந்தைகள் அதை வீட்டில் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். முதல் பாகம் மறக்கப்படாதவரை இடைவெளி என்பது கூட்டம் சேரும் காலம். மறக்கப்பட்டிருந்தால் பாதகம்தான், ஆனால் அதை நான்காவது படியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள்.

நெருக்கி நெருக்கி எடுப்பதுதான் அதிக ஆபத்து. அதிலும் நான்காவது, ஐந்தாவது பாகங்களில் சரிவு திடீரென்று வரும். ‘ஐஸ் ஏஜ்’ நான்காம் பாகம் 2012இல் உலகெங்கும் 87.7 கோடி டாலர். ஐந்தாம் பாகம் 2016இல் 40.8 கோடி. முந்தைய பாகத்தின் உலக வசூலை மட்டும் பார்த்திருந்தால் இதைக் கண்டிருக்க முடியாது.

6. நாட்காட்டியைத் திறங்கள்

வெளியாகும் வாரத்துக்கு முன் இரண்டு வாரம், பின் நான்கு வாரம் என்ன என்ன படங்கள் வருகின்றன என்று எழுதுங்கள். ஆக்‌ஷன் படத்தோடு மோதுவதைவிட இன்னொரு குடும்பப் படத்தோடு மோதுவதுதான் அடி. பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டதா என்பது அதைவிட முக்கியம். ஜூன் நடுவில் வரும் படத்துக்குச் செவ்வாய், புதன் எல்லாமே சனிக்கிழமை மாதிரி. அக்டோபரில் வரும் படத்துக்கு வாரநாட்கள் காய்ந்து கிடக்கும்.

‘புஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ்’ 2022 டிசம்பர் 21 அன்று வந்து, கிறிஸ்துமஸ் வார இறுதியில் 1.24 கோடி டாலர்தான் எடுத்தது. எல்லோரும் கைகழுவினார்கள், நானும்தான். உள்நாட்டில் ஓடி முடித்தபோது 18.5 கோடிக்கு மேல். ஓப்பனிங்கைப் போல 15 மடங்கு! அடுத்த பெரிய அனிமேஷன் படம் 2023 ஏப்ரலில்தான் வந்தது. மூன்று மாதம் குழந்தைகளுக்கு வேறு போக்கிடம் இல்லை, படமும் நன்றாக இருந்தது. இந்த 15 மடங்கை வேறு மாதத்துப் படத்துக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். டிசம்பர் இறுதிப் படங்களைத் தாளில் தனிப் பக்கத்தில் வைப்பது நல்லது.

7. வெளியீட்டுக்கு நான்கு வாரம் முன்: டிராக்கிங்

படம் வர மூன்று, நான்கு வாரம் இருக்கும்போது டிராக்கிங் எண்கள் வரத் தொடங்கும். இவ்வளவு பேருக்குப் படம் வருவது தெரியும், இவ்வளவு பேர் கட்டாயம் பார்ப்பேன் என்கிறார்கள், இவ்வளவு பேருக்கு அதுதான் முதல் தேர்வு என்று கருத்துக்கணிப்பு எடுத்து அதிலிருந்து ஓப்பனிங்கை ஊகிப்பார்கள். அதைப் படியுங்கள், ஆனால் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். குடும்பப் படங்களில் இது இரண்டு பக்கமும் சறுக்கும். ‘இன்சைட் அவுட் 2’க்கு 9 கோடியை ஒட்டிச் சொன்னார்கள். ‘டாய் ஸ்டோரி 4’க்கு 14 கோடிக்கு மேல் என்றார்கள், வந்தது 12.09 கோடி. ‘லைட்இயர்’ 7 கோடிக்குக் குறையாது என்றார்கள்.

காரணம் எளிது. குழந்தையிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. பெரியவர்களோ சனிக்கிழமை காலை பிள்ளை நச்சரித்த பிறகுதான் முடிவெடுக்கிறார்கள். ஸ்டுடியோ தானே சொல்லும் எண் இன்னும் சுவாரஸ்யம். அது வேண்டுமென்றே குறைவாக இருக்கும். திங்கட்கிழமை ‘எதிர்பார்ப்பை மிஞ்சியது’ என்று தலைப்பு வர வேண்டாமா? டிரெய்லர் பார்வை எண்ணிக்கையை நான் இப்போது தாளில் சேர்ப்பதே இல்லை. பல தளங்களைக் கூட்டி, விளம்பரமாக ஓடியதையும் சேர்த்துச் சொல்லப்படும் எண் அது.

டிராக்கிங்கைவிட எனக்கு உதவியது இருக்கை வரைபடம். பெரிய அமெரிக்கத் தியேட்டர் சங்கிலிகளின் தளங்களில் எந்தக் காட்சிக்கு எத்தனை இருக்கை போயிருக்கிறது என்று எங்கிருந்தும் பார்க்கலாம். வெவ்வேறு நகரங்களில் ஐந்து தியேட்டர்களைத் தேர்ந்தெடுத்து, வெளியீட்டுக்கு முந்தைய திங்கள் முதல் தினமும் ஒரே நேரத்தில் சனிக்கிழமைப் பகல் காட்சியைப் பாருங்கள். எண்ணிக்கையைக் குறித்துக்கொண்ட பிறகு வடிவத்தையும் கவனியுங்கள். இருக்கைகள் நான்கு நான்காக, சில சமயம் ஐந்தாக, நடு வரிசையில் ஒட்டி ஒட்டி நிரம்பியிருந்தால் குடும்பங்கள் வருகின்றன. ஒன்று, இரண்டாகச் சிதறிப் பின்வரிசையில் நிரம்பியிருந்தால் ரசிகர்கள். ரசிகர்கள் முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள்; பிறகு அந்த வேகம் இருக்காது. குடும்பங்கள் புதன் வரை வெறிச்சோடிக் கிடந்து வெள்ளி மாலை ஒரே தள்ளாகத் தள்ளும். முதல் முறை பார்க்கும்போது ஒரு வரிசை முழுக்கச் சாம்பல் நிறத்தில் இருக்கக் கண்டு துள்ளிக் குதித்தேன். அது தியேட்டரே ஒதுக்கி வைத்த வரிசை. நான்கு நாளும் அப்படியே அசையாமல் இருந்தது.

8. வியாழன் இரவு

வியாழன் மாலைக் காட்சிகளின் வசூல் அமெரிக்க நேரம் வெள்ளி காலை வெளிவரும். பந்தய விதிகள் அனுமதித்தால் கணிப்பை அதுவரை தள்ளிப்போடுங்கள், ஏனென்றால் இதுதான் முதல் உண்மையான பணம்.

வியாழன் எண்ணை எத்தனையால் பெருக்கினால் வார இறுதி வரும் என்பதுதான் கேள்வி. என் தாளில் உள்ளவை: ‘ஃப்ரோசன் 2’ வியாழன் 85 லட்சம் டாலர், வார இறுதி 13.03 கோடி, அதாவது 15 மடங்கு. ‘ஃபைண்டிங் டோரி’ 92 லட்சம், ஏறத்தாழ 15 மடங்கு. ‘இன்சைட் அவுட் 2’ 1.3 கோடி, 12 மடங்கு. ‘டாய் ஸ்டோரி 4’ 1.2 கோடி, 10 மடங்கு. ‘இன்க்ரெடிபிள்ஸ் 2’ 1.85 கோடி, 10 மடங்குக்குச் சற்றுக் குறைவு. ‘ஸ்பைடர்வெர்ஸ்’ இரண்டாம் பாகம் 1.735 கோடி, வெறும் 7 மடங்கு.

இந்த வரிசையை ஒரு நிமிடம் பாருங்கள். வியாழன் இரவே ஓடிப்போய்ப் பார்க்கும் வாலிபக் கூட்டம் எந்தப் படத்துக்கு அதிகமோ அதற்குப் பெருக்கம் குறைவு. சிறு குழந்தைகள் படத்துக்குப் பெருக்கம் அதிகம். ‘ஃப்ரோசன் 2’ நவம்பரில் வந்தது. மறுநாள் பள்ளி வைத்துக்கொண்டு வியாழன் இரவு யார் போவார்கள்? ‘லைட்இயர்’ வியாழன் 52 லட்சம். பத்தால் பெருக்கினால் 5.2 கோடி, வந்தது 5.06. வெள்ளிக்கிழமை காலை வரை காத்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

வெள்ளி வசூல் என்று வெளியாகும் எண்ணுக்குள் வியாழனும் சேர்ந்தே இருக்கும். இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். ஞாயிறு வரும் எண்ணும் ஸ்டுடியோவின் மதிப்பீடுதான். ஞாயிறு இரவுக் காட்சிகள் அதில் ஊகம். ‘இன்சைட் அவுட் 2’க்கு ஞாயிறு 15.5 கோடி என்றார்கள், திங்கள் வந்த இறுதிக் கணக்கு 15.42. பந்தயம் தசமத்தில் முடிவாகும் என்றால் எந்த நாள் எண் என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

9. ஓப்பனிங்கிலிருந்து உள்நாட்டு மொத்தத்துக்கு

கோடை, நவம்பர் அனிமேஷன் தொடர்ச்சிகள் பெரும்பாலும் மூன்று நாள் ஓப்பனிங்கைப் போல 3 முதல் 4 மடங்கு எடுக்கின்றன. ‘இன்க்ரெடிபிள்ஸ் 2’ 3.3, ‘ஃபைண்டிங் டோரி’ 3.6, ‘ஃப்ரோசன் 2’ 3.7, ‘இன்சைட் அவுட் 2’ 4.2. இந்த வரம்புக்குள் எங்கே நிற்கும் என்று சொல்ல இரண்டு தடயங்கள் உண்டு.

முதலாவது சினிமாஸ்கோர். முதல் நாள் பார்த்துவிட்டு வெளியே வருபவர்களிடம் வாங்கும் மதிப்பெண் அது. குடும்பப் படங்களுக்கு மக்கள் தாராளமாக ஏ போடுவார்கள். அதனால் ஏ மைனஸ் வந்தாலே கொஞ்சம் கவலைப்படுங்கள். ‘லைட்இயர்’, ‘மோவானா 2’ இரண்டுமே ஏ மைனஸ்தான். முன்னது 2.3 மடங்கோடு நின்றது. பின்னது மூன்று நாள் கணக்கில் 3.3, ஆனால் ஐந்து நாள் கணக்கில் இரண்டு மடங்குதான் தேறியது.

இரண்டாவது தடயம் அடுத்த வார இறுதிச் சரிவு. ‘இன்சைட் அவுட் 2’ 34 சதவீதம் சரிந்து, இரண்டாம் வார இறுதியிலேயே 10 கோடியைத் தாண்டியது. ‘லைட்இயர்’ 64 சதவீதம் சரிந்தது. 40க்குக் கீழ் என்றால் கணிப்பை ஏற்றலாம், 55ஐத் தாண்டினால் இறக்கிவிடுங்கள். இடைப்பட்டதுக்கு வாரநாள் வசூலைப் பாருங்கள்.

ஜப்பானிய அனிமே தொடர்ச்சிகளுக்கு இந்த மடங்கெல்லாம் ஒத்துவராது. 2025இல் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ அமெரிக்காவில் 7 கோடிக்கு மேல் தொடங்கியது, மொத்தம் அதன் இரண்டு மடங்கைத் தொடவில்லை. ரசிகர்கள் எல்லோரும் முதல் மூன்று நாளிலேயே வந்துவிட்டார்கள். அவற்றுக்குத் தனிப் பக்கம் போடுங்கள்.

10. உலக வசூல்

உள்நாட்டில் சரிந்த பாகம் வெளிநாட்டில் ஏறலாம். ‘ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்’ முதல் பாகம் உள்நாட்டில் 21.8 கோடி, இரண்டாம் பாகம் 17.7 கோடி. ஆனால் உலக மொத்தம் 49 கோடியிலிருந்து 62 கோடிக்குப் போனது. முந்தைய பாகத்தின் வெளிநாட்டுப் பங்கை நாடுவாரியாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பெரிய சந்தைக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்: அங்கே அந்தப் பாத்திரங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா?

சீனாவை எப்போதும் தனியாகவே கணக்கிடுங்கள். ‘ஜூடோபியா’ 2016இல் அங்கே பெரிய வெற்றி. 2025 நவம்பரில் இரண்டாம் பாகம் வந்தபோது சீனாவின் முதல் வார இறுதி வசூல் அமெரிக்காவின் ஐந்து நாள் வசூலைத் தாண்டியது. மறுபக்கம், ‘நேஜா 2’ 2025 ஜனவரி இறுதியில் சீனப் புத்தாண்டுக்கு வந்து, 1,500 கோடி யுவானுக்கு மேல் எடுத்து உலகின் எல்லாக் காலத்துக்குமான அனிமேஷன் வசூல் சாதனையைக் கைப்பற்றியது. முதல் பாகம் எடுத்ததோ சுமார் 500 கோடி யுவான். அந்தப் பணத்தில் ஏறக்குறைய முழுவதும் ஒரே நாட்டிலிருந்து வந்தது. ‘உலக வசூல்’ என்ற சொல்லை வைத்து எல்லா நாட்டுக்கும் ஒரே சதவீதம் போட்டால் இரண்டு படத்திலும் கவிழ்ந்திருப்பீர்கள்.

11. லாபமா நட்டமா என்று கேட்டால்

பந்தயத்தில் யாராவது இதைச் சேர்ப்பார்கள். கச்சா விதி: உலக வசூல் பட்ஜெட்டைப் போல இரண்டரை மடங்கு வந்தால் தியேட்டரிலேயே கைக்காசு திரும்பும். தியேட்டர்கள் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ளும், விளம்பரச் செலவு பட்ஜெட்டில் வராது. சீன வசூலில் வெளிநாட்டு ஸ்டுடியோவுக்குக் கிடைப்பது கால் பங்குதான், ஆகவே அங்கே வந்த பணத்தைக் குறைத்தே மதிப்பிடுங்கள். ‘லைட்இயர்’ 20 கோடியில் எடுத்து 22.6 கோடி வசூலித்தது. ‘டெஸ்பிகபிள் மீ 4’ 10 கோடியில் எடுத்து 97 கோடியை ஒட்டி வந்தது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

12. எழுதி, தேதி போட்டு, அனுப்பிவிடுங்கள்

ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள். கீழ் எல்லை, நடு எண், மேல் எல்லை என்று மூன்று எழுதுங்கள். பந்தயத்துக்கு நடு எண்ணை அனுப்பலாம், மற்ற இரண்டும் உங்களுக்கு. என் கால அட்டவணை இப்படி: எட்டு வாரம் முன் முதல் கணிப்பு, அதுவும் நான்காவது, ஐந்தாவது படிகளை மட்டும் வைத்து. டிராக்கிங் வந்ததும் இரண்டாவது. வெளியீட்டு வாரம் புதன் இரவு இருக்கை வரைபடத்தைப் பார்த்து மூன்றாவது. ஒவ்வொன்றையும் தேதியோடு தனி வரியில் எழுதுங்கள்; பழையதன் மேல் புதியதை எழுதி அழிக்காதீர்கள். நான் முன்பு அழித்துக்கொண்டிருந்தேன், அதனால் எந்தத் தகவல் என்னைக் கெடுத்தது என்றே தெரியாமல் போனது. இப்போது தெரிகிறது: டிராக்கிங் வந்த பிறகு நான் செய்த திருத்தங்களில் பெரும்பாலானவை முதல் கணிப்பைவிட மோசமானவை.

திங்கள் இறுதிக் கணக்கு வந்ததும் பக்கத்தில் இன்னொரு கட்டம்: எத்தனை சதவீதம் தவறு, எந்தப் பக்கம், ஏன் என்று ஒரே வரியில். ‘லைட்இயர்’ வரிக்கு எதிரே என் தாளில் இன்றும் இருப்பது “வேற அங்கிள்” என்ற இரண்டு சொற்கள்தான்.